என்ன கதவு, இன்னிக்கு நான் யாரு?

சபையில் எல்லாரும் அவரைக் "கதவு" என்றுதான் கூப்பிட்டார்கள். "கதவு வந்தாச்சா?", "கதவுக்குக் காய்ச்சலாம்", "கதவு இன்னிக்குச் சிரிக்குது, என்ன விசேஷம்?" என்று உறுப்பினர்கள் பேசிக்கொள்வதைப் புதிதாக வந்த யாராவது கேட்டால், இந்தக் கட்டிடத்தில் புத்தி தெளிவாக இருப்பவர் ஒருவரும் இல்லையோ என்று பயந்துபோவார்கள். சட்டம் செய்கிற மண்டபத்துக்கு வெளியே, நீண்ட நடைகூடத்தின் கோடியில், பித்தளைக் கைப்பிடி போட்ட இரட்டைக் கதவு ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர் இவர். வாயிற்காவலர் என்பது பதவியின் பெயர். அதை அவருடைய சம்பளச் சீட்டு மட்டும்தான் நினைவு வைத்திருந்தது.

நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு நாள் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். உறுப்பினரைக் கதவில் மறிக்கக் கூடாது, அட்டையைக் காட்டு என்று சொல்லக் கூடாது, "யார் நீங்க" என்று வாயைத் திறக்கவே கூடாது. மீறினால் அது உறுப்பினரின் உரிமையில் கைவைத்த குற்றம். ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவரை நிறுத்த எவருக்கும் அதிகாரம் இல்லை என்கிறது விதி. சரி, நியாயம்தான். ஆனால் அடுத்த விதியைப் பாருங்கள்: உறுப்பினர் அல்லாத ஒருவரை உள்ளே விட்டால் அதுவும் குற்றம். யாரையும் கேட்காமலேயே யார் என்று தெரிந்துகொள்வது எப்படி என்று அந்தப் புத்தகத்தை எழுதிய மகானுபாவர் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் இவர் நின்றார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டார். ஓட்டெடுப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணி நான்கு நிமிஷம் அடிக்கும், நின்றதும் கதவைச் சாத்திவிட வேண்டும், சாத்திய பிறகு சபாநாயகரே வெளியே நின்று தட்டினாலும் திறக்கக் கூடாது. நான்காவது நிமிஷத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் சட்டை கசங்கிக் கிடந்தது. தோளில் ஒரு துணிப்பை, காலில் வார் தேய்ந்த செருப்பு.

"யாரு நீங்க? எங்க போறீங்க?"

"நான்தான்ப்பா, தெரியலையா?"

"தெரியலையே."

"நான்தான்ப்பா! தெரியலையா?"

அந்த மனிதர் ஊரில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. யாரிடமும் தன் பேரைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, பாவம். இவருக்கோ எல்லா முகமும் புதுசு. ஒருத்தர் "நான்தான்" என்று நிற்க, இன்னொருத்தர் "தெரியலையே" என்று நிற்க, மணி நின்றுவிட்டது. கதவும் சாத்தப்பட்டது. இடைத்தேர்தலில் ஜெயித்த புது உறுப்பினர் தன் முதல் ஓட்டைப் போடாமல் நடைகூடத்தில் துணிப்பையோடு நின்றார்.

புகார் போயிற்று. உரிமைக் குழு கூப்பிட்டு விசாரித்தது. பிறகு சபை கூடியிருக்கும்போது, மண்டபத்துக்குள் இடுப்பளவு உயரத்தில் இருக்கும் ஒரு பித்தளைக் கம்பிக்குப் பின்னால் அவரை நிறுத்தினார்கள். நூற்றுப் பதினேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சபாநாயகர் கண்டித்தார். இவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், தொண்டையிலிருந்து சத்தம் வந்ததா என்பது அவருக்கே நிச்சயமில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் முகத்தில் கண்ணாடியைப் பொருத்தி, காதோரம் வளைத்துச் சரிசெய்வது அவள் தொழில். நாள் முழுக்க முகங்களோடு பழகுகிறவள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இப்படியே சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சுவரு உங்கள எம்.எல்.ஏ. ஆக்கிடுமா? போய் எல்லார் போட்டோவும் வாங்கிட்டு வாங்க. நான் படிக்க வெக்கறேன்."

வாங்கி வந்தார். மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் தேநீர் கிடையாது.

"முகத்தப் பாக்காதீங்க. போட்டோவுல எல்லாரும் மாப்பிள்ளை மாதிரிதான் இருப்பாங்க. காதப் பாருங்க. கன்னம் தின்னா மாறும், தல சாயம் பூசினா மாறும், மூக்குகூடக் கண்ணாடி போட்டா வேற மாதிரி தெரியும். காது மாறவே மாறாது."

அன்று தொடங்கிய படிப்பு ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நடந்தது. காதில் ஆரம்பித்து நடைக்குப் போனார், நடையிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து செருப்புச் சத்தத்துக்கு. ஆட்களுக்கெல்லாம் மனசுக்குள் அவரே பட்டம் வைத்திருந்தார். ஒரு அமைச்சருக்கு "இடது தோள்". கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் தாண்ட முடியாத ஒருவருக்கு "மீசை சரியா". இருபத்திரண்டு வருஷத்தில் அதற்குப் பிறகு ஒரு தப்பு நடக்கவில்லை. "யார் நீங்க" என்ற கேள்வியை அவர் வீட்டு வாசலில் நின்ற ஆளிடம்கூடக் கேட்பதில்லை. கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்பார், மனைவிதான் ஓடி வந்து விசாரிக்க வேண்டும்.

அந்தக் கசங்கல் சட்டைக்காரர் என்ன ஆனார் என்று சொல்ல வேண்டும். பித்தளைக் கம்பிச் சம்பவம் முடிந்த மறுநாள் காலையில் அவர் நடைகூடத்தில் வந்தார். கதவு தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் தாண்டிப் போகவில்லை. எதிரில் நின்றார்.

"என்ன கதவு, இன்னிக்கு நான் யாரு?"

நக்கலா, சண்டையா என்று புரியவில்லை. ஆனாலும் வாயில் வந்துவிட்டது:

"அன்னிக்கு என்னால உள்ள போக முடியாதவர் சார்."

அவர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், நடைகூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிப்பந்தியை அத்தனை பேர் நடுவில் நிற்க வைத்துவிட்டோமே என்று அவருக்கும் ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அதை இப்படிக் கேட்டார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. சபை கூடும் ஒவ்வொரு நாளும் கசங்கல் சார் கதவு முன்னால் நிற்பார், கேட்பார். இவர் பதில் சொல்வார். பதில் தினமும் புதுசாக இருக்க வேண்டும். "இன்னிக்கு நீங்க சட்டை தேய்ச்சுப் போட்டவர், அதிசயம் சார்." "நேத்து உள்ள தூங்கினவர்." "பேரன் பொறந்தவர்." கசங்கல் சாருடைய மனைவி இறந்து பத்து நாள் கழித்துச் சபைக்கு வந்தபோதும் நின்று கேட்டார், மெல்லிய குரலில். "தனியா வந்தவர் சார்" என்றார் கதவு. அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஓட்டு, கட்சி, பதவி எல்லாம் உள்ளே. வெளியே இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான் அவர்களுக்குள் இருந்தது. அதற்கு மேல் சினேகிதம் என்று ஒன்று தேவைப்படவும் இல்லை.

போன தேர்தல் முடிந்து வந்த முதல் நாள் மட்டும் கசங்கல் சார் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்.

"கதவு, ஒரு அசிங்கம் நடந்துபோச்சு. கடைசி நாள் பிரசாரத்துல எனக்கு நூத்தி மூணு ஜுரம். எங்க ஆளுங்க என் தம்பியத் தொப்பி போட்டு வண்டியில நிக்க வெச்சு நாலு தெரு சுத்திட்டாங்க. அவன் என்னை மாதிரியே இருப்பான். ஜனங்க அவனப் பாத்துக் கை ஆட்டியிருக்காங்க. எனக்குன்னு விழுந்த ஓட்டுல எத்தன அவனுக்கு விழுந்ததுன்னு தெரியல."

"எல்லாம் உங்களுக்குத்தான் சார் விழுந்திருக்கும்."

"அப்படிச் சொல்லாத. இனிமே என் பேர்ல இன்னொருத்தன் நிக்கக் கூடாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். கேள்வி கேட்க மறந்துபோய், மறுபடி திரும்பி வந்து கேட்டுவிட்டுப் போனார்.

இந்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சபை கூடாத மாசத்தில் வந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மகன் அறிக்கை விட்டான்: அப்பா நலமாக இருக்கிறார், ஓய்வில் இருக்கிறார். பிறகு அப்பாவின் பெயரில் அறிக்கை வந்தது: நகரப் பேருந்துகளைத் தனியாரிடம் ஒப்படைக்கும் சட்டத்தை முழுமனதாக ஆதரிக்கிறேன் என்று. கதவு அதை வீட்டில் படித்துக் காட்டினார்.

"முழுமனதாகவாம். அவரு இப்படிப் பேசியே நான் கேட்டதில்ல."

"பேச்சே சரியா வரலன்னு அவரப் பாத்துக்கற நர்ஸம்மா கடைக்கு வந்தப்ப சொல்லுது. நீங்க வேற," என்றாள் மனைவி.

சட்டம் ஓட்டெடுப்புக்கு வந்த நாள் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் கிட்டத்தட்டச் சமம். ஆள் எண்ணி எண்ணி ஆளும் கட்சிக் கொறடாவுக்குக் கண் சிவந்திருந்தது. கொறடா என்பவர் தன் கட்சி உறுப்பினர்களை ஓட்டுப் போட ஓட்டிக்கொண்டு வருகிறவர். குரல் பெரிசு, பொறுமை சிறிசு. மணி அடிக்கத் தொடங்கியது. எல்லாரும் உள்ளே போனார்கள். மூன்றாவது நிமிஷத்தில் நடைகூடத்துக் கோடியில் கொறடா தெரிந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒருவர் நடந்து வந்தார்.

கறுப்புக் கண்ணாடி, தலையில் கம்பளித் தொப்பி, கழுத்திலிருந்து காது வரை சுற்றிய மஃப்ளர். காலை இழுத்து இழுத்து வைத்தார். தாடை, மூக்கு, உயரம் எல்லாம் கசங்கல் சாருடையதுதான். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. உடம்புக்கு முடியாதவருக்கு வீட்டில் தேய்த்துப் போட்டுவிட்டிருப்பார்கள் என்று கதவு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"பாருய்யா கதவு, யாரு வந்திருக்காங்கன்னு! படுக்கையில இருந்து எழுந்து வந்துட்டார்யா சிங்கம்!" என்றார் கொறடா.

கதவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேள்விக்காகக் காத்து நின்றார். வந்தவர் கேட்கவில்லை. சரி, பேச்சு வராது. வந்தவர் வாசற்படியில் காலை வைத்தார். கதவு நகராமல் நிற்பதைப் பார்த்தார். கொறடா அவர் முழங்கையை லேசாக இடித்தார்.

"நான்தான்ப்பா, தெரியலையா?"

குரல்கூட அவருடையதுதான்.

இந்த வார்த்தையை அவர் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறார், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு கசங்கல் சார் அதைச் சொன்னதே இல்லை. குழு விசாரணையில்கூட அது பதிவாகவில்லை. அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: சொன்னவர், கேட்டவர். அப்படியானால் இது அவரேதானா? நோய் வந்தவர்களுக்கு நேற்று நடந்தது மறந்துபோய், என்றைக்கோ சொன்ன சொல் நாக்கில் தங்கிவிடுமாமே. இருக்கலாம். அல்லது வருகிறவன் தம்பி. "கதவில் ஒருத்தர் இருப்பார், என்ன சொன்னால் விடுவார்?" என்று தம்பி படுக்கையருகே போய் அண்ணனைக் கேட்டிருப்பான். அண்ணன் திக்கித் திணறிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தம்பி உள்ளே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர் தினமும் கேட்கிற கேள்வியை அல்லவா சொல்லிக் கொடுத்திருப்பார்? அதை விட்டுவிட்டு, கதவு சாத்தப்பட்ட நாளின் வார்த்தையை ஏன் கொடுத்து அனுப்ப வேண்டும்?

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒரு முறை சோதித்துப் பார்த்தார்.

"சார், கேளுங்க சார்."

"என்னது கேக்கணும்?" என்று வந்தவர் கொறடாவைத் திரும்பிப் பார்த்தார்.

மறந்திருக்கலாம். நோயாளி மறப்பது பாவமா? இது அவரேதான் என்றால், எழுந்து நிற்க முடியாத மனிதர் கஷ்டப்பட்டு வந்ததை இரண்டாம் முறையும் இதே கதவில் இதே ஆள் மறித்ததாக ஆகும். பித்தளைக் கம்பி இந்த முறை வெறும் கம்பியோடு முடியாது. வேலை போகும், மானம் போகும், அதைவிட அந்த மனிதர் முகத்தில் விழிக்க முடியாது. இதையெல்லாம் யோசிக்க அவருக்கு எத்தனை நேரம் கிடைத்தது என்கிறீர்கள்? ஒரு கால் படியைத் தாண்டுகிற நேரம்.

கையை நீட்டி வாசலை மறித்தார்.

"நீங்க யாரு?"

நடைகூடமே அதிரும்படி கொறடா கத்தினார். "உரிமை மீறல்! ஏய், உரிமை மீறல்! உறுப்பினரத் தடுக்கறியா நீ? உன் வேலைய இன்னிக்கே முடிச்சுடறேன்!" மறிக்கப்பட்டவரோ கத்தவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் வேர்த்தது. அரை அடி பின்வாங்கினார். மணி நின்றது. கதவு உள்ளே நுழைந்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார். தாழ்ப்பாள் இரண்டாம் முறைதான் விழுந்தது.

சட்டம் ஒரு ஓட்டில் தோற்றது. ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தெட்டு. அந்த ஒருவர் உள்ளே வந்திருந்தால் சமமாகியிருக்கும், சபாநாயகரின் ஓட்டில் ஜெயித்திருக்கும். மறுநாளே கொறடா எழுத்தில் புகார் கொடுத்தார்: நோயுற்ற ஓர் உறுப்பினரை வாயிற்காவலர் வேண்டுமென்றே தடுத்தார், எதிர்த்தரப்போடு சேர்ந்து செய்த சதி. கதவைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறந்துவிட்டுப் போன குடைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கிற அறையில் உட்காரச் சொன்னார்கள். நின்றே பழகியவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்தது.

வீட்டில் மனைவியிடம் முழுக்கச் சொன்னார். அவள் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே வைத்தாள்.

"அந்த வார்த்தையச் சொல்லிடுங்க. அவருதான் சொல்லி அனுப்பிச்சாருன்னு சொல்லுங்க. முடிஞ்சுபோச்சு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்? கர்ணன் வேஷம் போட இதுவா நேரம்?"

"அவரு இப்ப எங்க படுத்திருக்காரு? அந்த வீட்டுல. தண்ணி குடுக்கறது மகன். புரட்டிப் படுக்க வெக்கறது தம்பி. தன் வீட்டு ஆளுங்களயே மாட்டிவிட்டுட்டாருன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் நாள என்னன்னு ஓட்டுவாரு? கதவ நம்பி ரகசியமா ஒண்ணு அனுப்பிச்சாரு. நான் அத ஊருக்குப் போட்டு ஒடைக்கவா?"

அவள் கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தாள். பிறகு, "அது அவரேதான்னு இருந்தா?" என்று கேட்டாள்.

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்," என்றார். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உரிமைக் குழுவுக்குத் தலைவர் ஓர் அம்மா. எதிர்த்தரப்பும் இல்லை, ஆளும் தரப்பும் இல்லை, சுயேச்சை. எதையும் இரண்டு முறை கேட்பார்.

"அவர் உறுப்பினர் இல்லன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தோணிச்சு மேடம்."

"தோணிச்சா?"

"காது மூடியிருந்துச்சு மேடம்."

கொறடா பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "குளிருக்கு மஃப்ளர் போட்டா குத்தமாய்யா?" என்று ஒருவர் கேட்டார். கதவு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் எதாவது சொன்னாரா உங்ககிட்ட?"

"என்னமோ சொன்னாரு மேடம். சரியா ஞாபகம் இல்ல."

ஒரு முகத்தை இருபது வருஷம் மறக்காத மனிதர் சொன்ன பொய் அது. தலைவரம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு குறிப்பெடுப்பவரிடம் திரும்பி, "உறுப்பினரே நேர்ல சொல்லட்டும். அவர் வர முடியலன்னா குழு அவர் வீட்டுக்குப் போகும். இவரும் வரட்டும்," என்றார்.

கசங்கல் சாருடைய வீட்டில் முன்னறைச் சாமான்களை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் மருந்துச் சீசாக்கள், ஒரு கிண்ணம், மடித்து வைத்த துண்டுகள். கட்டிலில் கிடந்தவரைக் கதவு பார்த்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. இந்த உடம்பா நடைகூடம் முழுக்க நடந்து வந்திருக்கும்? அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன? அவர் ஓட்டெடுப்பு அன்று நடந்தார், பிறகு மறுபடி விழுந்துவிட்டார் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஜன்னலோரம் தம்பி நின்றான், தொப்பி இல்லாமல், யாரையும் பார்க்காமல்.

குழு உள்ளே போய் உட்கார்ந்தது. கதவு உள்ளே போகவில்லை. பழக்கம் யாரை விட்டது? அந்த அறையின் வாசலில், நிலையோடு ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பாவுக்குப் பேச்சு தெளிவா வராதுங்க. அவர் சொல்றத நான் சொல்லிடறேன்," என்றான் மகன்.

"வேண்டாம். எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே சொல்லட்டும்," என்றார் தலைவரம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "ஓட்டெடுப்பு அன்னிக்கு நீங்க சபை வாசலுக்கு வந்தீங்களா? இந்த ஆள் உங்களத் தடுத்தாரா?"

படுத்திருந்தவர் கண்ணை மூடினார். திறந்தார். அறையில் இருந்த ஒவ்வொருவரையும் தாண்டி அவர் பார்வை மெல்ல நகர்ந்தது. கொறடா, மகன், தம்பி. கடைசியில் வாசலில் வந்து நின்றது. வாயின் நல்ல பக்கம் அசைந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மகன் குனிந்தான், அவர் இடது கையால் அவனைத் தள்ளினார். மறுபடி முயன்றார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துக் கோத்த மாதிரி வந்தது.

"என்ன... கத...வு. இன்...னிக்கு... நான்... யாரு?"

யாருக்கும் புரியவில்லை. "பாத்தீங்களா, புத்தி கலங்கிப்போச்சு, தான் யாருன்னே கேக்கறாரு," என்றார் கொறடா. தலைவரம்மா கையைக் காட்டி அவரை அடக்கினார். அவர் பார்வை வாசலில் நின்றவர் மேல் இருந்தது.

கதவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பதில் சொன்னால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். படுத்திருந்தவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"அன்னிக்கு வராதவர் சார்."

படுத்திருந்தவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஜன்னலோரம் தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் தூக்கவில்லை.

கசங்கல் சார் இடது கையை உயர்த்தி, குறிப்பெடுப்பவரை நோக்கி ஒரு விரலை நீட்டினார்.

"எழு...துங்க," என்றார்.